இளைஞர் தங்குமில்லத்துக்குப் பணம் கொடுக்கும் முன்: கணக்கையும் பலனையும் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் கோயில் நிர்வாகங்கள், முன்னாள் மாணவர் சங்கங்கள், சிறு வியாபாரிகள், மாதச் சம்பளத்தில் 50 வெள்ளி (ரிங்கிட்) எடுத்து வைப்பவர்கள் என்று பலரும் எங்களிடம் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே சேர்த்திருக்கிறோம். கணக்குப் போட்டுக் காட்டும் இடங்களில் எல்லாம் ஒரே கற்பனை இல்லத்தை எடுத்துக்கொள்கிறோம்: 16 படுக்கைகள், ஆண்டுச் செலவு 384,000 ரிங்கிட்.

இளைஞர் இல்லம்னா அனாதை இல்லம் மாதிரிதானே? இதை ஏன் தனியாப் பாக்கணும்?

வயதுதான் காரணம். 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின்படி 18 வயதுக்குக் கீழே இருப்பவர்தான் சிறார். 18 முடிந்ததும் பல சிறார் இல்லங்களின் பொறுப்பு முடிந்துவிடும். கையில் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வுச் சான்றிதழ்கூட இல்லாமல், முன்பணம் கட்டி வாடகைக்கு வீடெடுக்க வழியில்லாமல் வெளியே வரும் பிள்ளைகளுக்கும், வீட்டில் இருக்க முடியாமல் ஓடி வந்தவர்களுக்கும்தான் இளைஞர் தங்குமில்லங்கள் நடக்கின்றன.

இவற்றிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று சில நாள், சில வாரத்துக்கான அவசரத் தங்கல். மற்றொன்று ஆறு மாதம் முதல் இரண்டு வருடம்வரை தங்கவைத்து, வேலைக்கோ படிப்புக்கோ அனுப்பி, சொந்தமாக வாடகை கட்டும் நிலைக்குக் கொண்டுவரும் இடைக்கால இல்லம். உங்களிடம் பணம் கேட்பவர்கள் எந்த வகை என்று முதலில் கேட்டு வையுங்கள். கீழே வரும் ஒவ்வொரு எண்ணும் அதைப் பொறுத்து மாறும்.

பதிவு பண்ணியிருக்காங்களான்னு எங்க பாக்கிறது?

மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். சங்கமாக இருந்தால் 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின்கீழ் சங்கப் பதிவிலாகாவில். பங்குக்குப் பதில் உறுப்பினர் உத்தரவாதத்தில் நடக்கும், 'பெர்ஹாட்' என்று முடியும் நிறுவனமாக இருந்தால் எஸ்.எஸ்.எம். என்கிற நிறுவன ஆணையத்தில். அறக்கட்டளை என்றால் அது அறங்காவலர் சட்டத்தின்கீழும் இருக்கலாம், நிறுவனமாகவும் இருக்கலாம். எது என்று கேளுங்கள். எஸ்.எஸ்.எம். இணையச் சேவையில் கட்டணம் கட்டினால் இயக்குநர் பட்டியலும் தாக்கல் செய்த கணக்கறிக்கையும் கிடைக்கும். நிறுவனத்தின் 12 இலக்கப் பதிவு எண்ணில் முதல் நான்கு இலக்கம் தொடங்கிய ஆண்டு. "20 வருஷமா நடத்துறோம்" என்பவரின் எண் 2022 என்று ஆரம்பித்தால் ஏன் என்று கேளுங்கள். முன்பு சங்கமாக இருந்து நிறுவனமாக மாறியிருக்கலாம், அதில் தவறில்லை.

இது அமைப்பின் பதிவு. இல்லத்தின் பதிவு வேறு. 4 பேரோ அதற்கு மேலோ தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் சமூகநல இலாகாவில் பதிவாக வேண்டும். சங்கத்துக்குப் பதிவு இருக்கும், வீட்டுக்கு இருக்காது. நாம் அதிகம் பார்க்கும் குறை இதுதான். அந்தச் சான்றிதழில் முகவரியையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். செந்தூல் முகவரிக்கு வாங்கிய சான்றிதழைக் காட்டிக்கொண்டு கெப்போங்கில் இல்லம் நடத்தினால் அந்தச் சான்றிதழ் அந்த வீட்டுக்குச் செல்லாது.

44(6) இருக்குன்னு சொல்றாங்க. அப்ப நம்பலாம்தானே?

44(6) என்பது வருமான வரிச் சட்டத்தின் ஒரு பிரிவு. அந்த அங்கீகாரம் உள்ள அமைப்புக்குப் பணமாகக் கொடுத்தால், வரிக் கணக்கில் உங்கள் மொத்த வருமானத்தில் 10 சதவீதம்வரை கழித்துக்கொள்ளலாம். ஆண்டு மொத்த வருமானம் 60,000 ரிங்கிட் என்றால் 6,000 ரிங்கிட்வரை. அரிசி மூட்டைக்கும் பழைய மெத்தைக்கும் இந்தப் பிரிவில் கழிவு கிடையாது.

அங்கீகாரத்துக்குக் காலவரை உண்டு. ரசீதில் அச்சடித்திருப்பதை மட்டும் பார்க்காமல், உள்நாட்டு வருவாய் வாரியத்தின் இணையப் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். பெயர் இருந்தால் வரி விஷயத்தில் சில நிபந்தனைகளை நிறைவேற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அங்கே தங்கியிருக்கும் பிள்ளைக்கு வாழ்க்கை மாறியதா என்பதைப் பற்றி அந்த அங்கீகாரம் ஒன்றும் சொல்லாது. அது இல்லாத நல்ல இல்லங்களும் உண்டு.

என்னென்ன தாள் கேக்கணும்? கேட்டா கோவிச்சுக்குவாங்களோன்னு இருக்கு.

கேளுங்கள். ஒழுங்காக நடத்துபவர்கள் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பெரிய நிறுவனங்களிடம் மானியம் கேட்கும்போது இதே தாள்களைத்தான் கொடுக்கிறார்கள். வேண்டியவை: தணிக்கை செய்த கணக்கறிக்கை, தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு, குறிப்புப் பக்கங்களோடு. நடப்பு ஆண்டு வரவு செலவுத் திட்டம். கடைசி ஆண்டுப் பொதுக்கூட்ட அறிக்கை. மாதவாரியாக எத்தனை படுக்கைகள் நிரம்பின என்ற தாள். போன ஆண்டு வெளியேறியவர்கள் எங்கே போனார்கள் என்ற பட்டியல், பெயர் இல்லாமல்.

சங்கம் என்றால் பொதுக்கூட்டம் நடந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். "கணக்கு இன்னும் ஆடிட்டர்கிட்ட இருக்கு" என்ற பதில் ஒரு வருடம் வரலாம். இரண்டாம் வருடமும் அதே பதில் வந்தால் பணத்தை நிறுத்தி வையுங்கள்.

கணக்கறிக்கைய எடுத்தா தலை சுத்துது. முதல்ல எந்தப் பக்கம் பாக்கிறது?

தணிக்கையாளரின் கருத்துப் பக்கத்தை முதலில் பாருங்கள். கணக்கு உண்மையான நிலையைக் காட்டுகிறது என்று நிபந்தனையில்லாமல் எழுதியிருக்கிறாரா, "இதைத் தவிர" என்று ஏதாவது சேர்த்திருக்கிறாரா? நன்கொடை அமைப்புகளில் அடிக்கடி வருவது ஒன்று: ரொக்க நன்கொடை கணக்கில் ஏறுவதற்கு முன் அதைச் சரிபார்க்க வழியில்லை என்பது. உண்டியல், டின் வசூல் உள்ள இடத்தில் இது சகஜம், திருட்டு என்று அர்த்தமில்லை. ஆனால் ரசீதுப் புத்தகத்துக்கு வரிசை எண் உண்டா, டின்னைத் திறக்கும்போது இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்துப் போடுகிறார்களா, எண்ணிய பணம் எத்தனை நாளில் வங்கிக்குப் போகிறது என்று கேட்க அது நல்ல காரணம். கருத்தே சொல்ல முடியாது என்று தணிக்கையாளர் எழுதியிருந்தால் மேலே படிக்க வேண்டியதில்லை.

அடுத்து வரவு செலவுப் பக்கத்தில் இரண்டு ஆண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 20 சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கிய வரிகளை மட்டும் வட்டமிடுங்கள். பிறகு குறிப்புகள். விஷயம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

நான் குடுக்கிற 100 வெள்ளியில எவ்வளவு பிள்ளைங்களுக்குப் போகுது?

எல்லோரும் கேட்கும் கேள்வி. இளைஞர் இல்லத்தில் இதைக் கேட்டு ஏமாறுவதும் எளிது. இங்கே பிள்ளைகளுக்குப் போவது பெரும்பாலும் சோறும் துணியும் அல்ல. ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் திறந்துவிடவும், வேலை போன அன்றைக்குப் பக்கத்தில் உட்காரவும் அங்கே இருக்கும் ஆள். அவர் சம்பளம்தான் சேவை. சில அறிக்கைகளில் அது 'நிர்வாகச் செலவு' என்று விழுந்து ஊதாரித்தனமாகத் தெரியும். வேறு சிலவற்றில் தலைமை அலுவலகச் சம்பளம் முழுக்கத் 'திட்டச் செலவு' என்று ஏறி அழகாகத் தெரியும். நீங்களே பிரித்துப் பாருங்கள்: பொறுப்பாளர், சமூகப்பணியாளர், சமையல் ஆள், வாடகை, மின்சாரம், தண்ணீர் ஒரு பக்கம், கணக்காளர், தணிக்கைக் கட்டணம், நிதி திரட்டும் செலவு மறுபக்கம்.

அடுத்து ஒரு சோதனை. 24 மணி நேரமும் ஆள் இருக்கிறார் என்று சொல்கிறார்களா? வாரத்துக்கு 168 மணி நேரம். 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தின்படி வழக்கமான வேலை நேரம் வாரத்துக்கு 45 மணி. 168ஐ 45ஆல் வகுத்தால் 3.7. விடுப்பு, நோய், பொது விடுமுறை சேர்த்தால் ஒரே ஓர் இடத்தில் எப்போதும் ஓர் ஆள் இருக்க 5 பேர் வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் வீதம் 5 பேருக்கு மாதம் 8,500. முதலாளி கட்டும் சேமநிதி 13 சதவீதம், அதாவது 1,105. சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் வேலைக் காப்புறுதியும் சேர்த்தால் மாதம் ஏறக்குறைய 9,770. ஆண்டுக்கு 117,000 ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் மேல்.

இப்போது அறிக்கையில் சம்பள வரியைப் பாருங்கள். 24 மணி நேரப் பராமரிப்பு என்று சொல்லிவிட்டுச் சம்பளம் 30,000 என்றிருந்தால், ஒன்று ராத்திரியில் யாரும் இல்லை, அல்லது ஒரே மனிதர் ஓய்வுநாள் இல்லாமல் அங்கேயே கிடக்கிறார், அல்லது சேமநிதி கட்டவில்லை. "எங்களுக்கு நிர்வாகச் செலவே கிடையாது" என்று பெருமையாகச் சொல்லும் இல்லத்தைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்படுவதில்லை. சம்பளம் சரியாக இல்லாத இடத்தில் ஆள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுவார். ஏற்கெனவே பெரியவர்களால் கைவிடப்பட்ட பிள்ளை ஒவ்வொரு மூன்று மாதமும் மறுபடி கைவிடப்படும்.

ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவுன்னா நியாயம்?

தலைக்கணக்கு வேண்டாம், படுக்கை இரவுக் கணக்குப் போடுங்கள். 16 படுக்கை, 365 நாள்: 5,840 படுக்கை இரவுகள். அவற்றில் ஆள் தூங்கியவை 4,672 என்றால் 80 சதவீதம் நிரம்பியிருக்கிறது. 384,000ஐ 4,672ஆல் வகுத்தால் ஓர் இரவுக்கு 82 ரிங்கிட். எல்லாப் படுக்கையும் நிரம்பியிருந்தால் 66 ரிங்கிட்தான் வந்திருக்கும். வாடகையும் சம்பளமும் காலிப் படுக்கைக்காகக் குறையாது என்பதால் இந்த வித்தியாசம்.

இந்த எண்ணை மலிவு விடுதி வாடகையோடு ஒப்பிடாதீர்கள்; இதே வகை இன்னொரு இல்லத்தோடு, இதே இல்லத்தின் போன ஆண்டோடு ஒப்பிடுங்கள். 82 ரிங்கிட் 110 ஆனால் காரணம் கேளுங்கள். அவசரத் தங்கலில் சில படுக்கைகள் காலியாகத்தான் இருக்க வேண்டும், ராத்திரி வருபவருக்கு இடம் வேண்டுமல்லவா? இடைக்கால இல்லத்தில் பாதிப் படுக்கை பல மாதம் காலி என்றால் பிள்ளைகளை அனுப்பிவைப்பவர்கள் அங்கே அனுப்பத் தயங்குகிறார்களா என்று விசாரியுங்கள்.

பேங்க்ல 260,000 வச்சிருக்காங்க. இன்னும் எதுக்கு நம்மகிட்ட கேக்கறாங்க?

அந்தப் பணம் எல்லாம் செலவழிக்கக்கூடிய பணமா என்று பாருங்கள். எடுத்துக்காட்டாக 110,000 கட்டட நிதி, 54,000 வேலைப் பயிற்சிக்கென்று வந்து இன்னும் செலவாகாத மானியம். இவற்றை எடுத்துச் சமையலறைக்கோ சம்பளத்துக்கோ போட முடியாது. மிச்சம் 96,000. மாதச் செலவு 32,000. ஆக மூன்று மாதத்துக்குத்தான் கையிருப்பு. மூன்று முதல் ஆறு மாதம் என்பது நியாயமான கையிருப்பு. தீபாவளிக்கு முன்னால் குவியும் நன்கொடை பிப்ரவரி, மார்ச்சில் வற்றிப்போகும். அந்த மாதங்களிலும் சம்பளம் போட்டாக வேண்டும்.

இரண்டு வருடச் செலவுக்கு மேல், இன்ன வேலைக்கென்று ஒதுக்கப்படாத பணம் கிடந்து, அதற்கு எழுத்தில் திட்டமும் இல்லை என்றால் உங்கள் பணம் வேறிடத்தில் அதிகம் பயன்படும். இன்னொன்று: வாடகை வீட்டுக்குக் கட்டிய வைப்புத்தொகையும் சொத்துப் பக்கத்தில்தான் நிற்கும். மாத வாடகை 4,500 என்றால் வழக்கப்படி இரண்டு மாத வாடகையும் மின்சாரம், தண்ணீருக்கு அரை மாத வாடகையும், ஆக 11,250. வீட்டைக் காலி செய்யும்வரை அதைத் தொட முடியாது.

அரிசி, பழைய துணின்னு நிறையக் குடுக்கிறோம். அது கணக்குல வருமா?

வர வேண்டும், குறைந்தது இருப்புப் புத்தகத்திலாவது. பிறந்தநாளுக்கு வரும் அரிசி மூட்டைகள், மைலோ டின்கள், பிஸ்கட் பெட்டிகள் ஒரே வாரத்தில் அறை நிறையக் குவியும். காலாவதித் தேதி பார்த்து எழுதி வைக்கவில்லை என்றால் பாதி வீணாகும். பொருள் நன்கொடைக்கு மதிப்புப் போட்டு வரவில் சேர்த்திருந்தால், அதே தொகை செலவிலும் இருக்கிறதா பாருங்கள். பழைய துணிக்குப் புதுத் துணி விலை போட்டு வருமானத்தைப் பெரிதாகக் காட்டுவது உண்டு. கொடுக்கும் முன் என்ன தேவை என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் பஸ், ரயில் செலவு, பாதுகாப்புக் காலணி, வேலைக்கான மருத்துவப் பரிசோதனைக் கட்டணம் என்றுதான் பதில் வரும்.

விருந்து வச்சு 120,000 திரட்டினோம்னு போட்டிருக்காங்க. நல்ல விஷயம்தானே?

மண்டபம், சாப்பாடு, மேடை, கலைஞர்கள் செலவு 54,000 என்றால் இல்லத்துக்கு வந்தது 66,000. வரவையும் செலவையும் தனித்தனியே காட்டியிருக்க வேண்டும். 66,000 மட்டும் ஒரே வரியாக இருந்தால் விருந்துக் கணக்கைத் தனியாகக் கேளுங்கள். வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்க 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி போலீஸ் அனுமதி வேண்டும். டின்னோடு வருபவரிடம் அந்தக் கடிதத்தைக் கேட்பது தவறில்லை.

கட்டடம் தலைவரோடதாம். அவருக்கே வாடகை போகுது. தப்பா?

தப்பென்று உடனே சொல்ல முடியாது. சந்தை வாடகையைவிடக் குறைவாகக் கொடுத்து உதவுபவர்களும் உண்டு. மூன்று விஷயம் பாருங்கள்: கணக்கறிக்கையின் 'தொடர்புடையவர்கள்' குறிப்பில் அது வெளிப்படையாக எழுதியிருக்கிறதா, முத்திரையிட்ட வாடகை ஒப்பந்தம் இருக்கிறதா, வாடகை முடிவான கூட்டத்தில் அவர் ஓட்டுப் போடாமல் விலகினாரா. நன்கொடைப் பணத்தில் அந்தக் கட்டடத்தைப் புதுப்பித்திருந்தால் ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு என்பதும் முக்கியம். 80,000 ரிங்கிட்டில் மாடி கட்டிய மறுவருடம் ஒப்பந்தம் முடிந்தால் அந்த மாடி யாருக்கு?

காசோலையில் கணவன் மனைவி இருவரும் கையெழுத்துப் போடும் அமைப்பில், இரண்டு கையெழுத்து இருந்தும் கண்காணிப்பு ஒன்றுதான்.

வருஷத்துல 200 பேருக்கு உதவினோம்கறாங்க. 16 படுக்கைதானே இருக்கு?

சரியாகக் கேட்கிறீர்கள். ஆறு மாதம் தங்கவைக்கும் இல்லத்தில் 16 படுக்கைக்கு ஆண்டுக்கு 32 பேர்தான் தங்க முடியும். 200 என்பதில் தொலைபேசியில் கேட்டவர், ஒருவேளை சாப்பிட்டுப் போனவர், பள்ளிப் பேச்சைக் கேட்ட மாணவர் எல்லாம் இருக்கலாம். உதவி என்றால் அதுவும் உதவிதான், ஆனால் தங்கியவர்கள் எண்ணிக்கையைத் தனியாகக் கேளுங்கள். ஒரே பிள்ளை மூன்று முறை வந்து போனால் அது ஒருவரா மூவரா என்றும் கேளுங்கள்.

இடமில்லாமல் திருப்பி அனுப்பியவர்கள் எத்தனை, ஏன் என்று எழுதி வைத்திருக்கும் இல்லம் தன் வேலையை அறிந்தது.

90 சதவீதம் வெற்றின்னா அபாரம்தானே?

எதை எதால் வகுத்தார்கள் என்று தெரியும்வரை அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. போன ஆண்டு 30 பேர் வெளியேறினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் கழித்து 20 பேரைத்தான் தொடர்புகொள்ள முடிந்தது, அவர்களில் 14 பேர் நிலையான வீட்டில் இருக்கிறார்கள். 14ஐ 20ஆல் வகுத்தால் 70 சதவீதம். 30ஆல் வகுத்தால் 47 சதவீதம். கிடைக்காத 10 பேரும் நன்றாக இருந்தால் 24, அதாவது 80 சதவீதம். உண்மை 47க்கும் 80க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. தொடர்பு விட்டுப்போனவர்களில் கஷ்டத்தில் இருப்பவர்களே அதிகம் என்பதால் கீழ்ப்பக்கம் சாய்ந்து நினைப்பது நல்லது. "14, 20, 30" என்று மூன்று எண்ணையும் எழுதித் தரும் இல்லத்தை நாங்கள் "90 சதவீதம்" என்று பதாகை அடிப்பவரைவிட நம்புவோம்.

'வெற்றி' என்ற சொல்லையும் பிரித்துப் பாருங்கள். "வீட்டுக்கே திரும்பிவிட்டான்" என்பதைச் சிலர் வெற்றியில் சேர்க்கிறார்கள். எந்த வீடு? அடிக்குப் பயந்து ஓடிவந்த அதே வீடா? "வேலை கிடைத்தது" என்பதில் எத்தனை மாதம் நிலைத்தது? சேமநிதி கட்டும் வேலையா, நாள்கூலியா? நண்பன் அறையில் தரையில் படுத்திருப்பது நிலையான வீடு இல்லை. தன் பெயரில் வாடகை, அல்லது அனுமதியோடு தங்கும் நிரந்தர இடம், அதுதான் நிலை.

பக்கத்து இல்லத்துல 80 சதவீதம், இங்க 50தான். அப்ப பக்கத்துக்குக் குடுக்கலாமா?

யாரைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். வேலையில் இருப்பவர், போலீஸ் வழக்கு இல்லாதவர், போதைப் பழக்கம் இல்லாதவர் என்று நேர்காணலிலேயே வடிகட்டினால் 80 சுலபம். அடையாளக் கார்டுகூட இல்லாத பிள்ளையை ஏற்கும் இல்லம் முதல் பல மாதங்களைத் தேசியப் பதிவு இலாகாவுக்கு அலைவதில் கழிக்கும். அந்தக் கார்டு இல்லாமல் வங்கிக் கணக்கோ முறையான வேலையோ கிடைப்பது கடினம். அந்த இல்லத்தின் 50 கடினமாக உழைத்துப் பெற்ற 50. சேர்க்கும் நிபந்தனையையும், பாதியில் வெளியேற்றிய எண்ணிக்கையையும் சேர்த்துக் கேளுங்கள். வெளியேற்றியவர்களை வகுத்தலிலிருந்து எடுத்துவிட்டால் எந்த விகிதமும் ஏறிவிடும்.

நேர்ல போனா எதைப் பாக்கணும்?

மாடியில் ஏறி அவசர வழிக் கதவைத் திறந்து பாருங்கள். பூட்டுத் தொங்கினால் சாவி யாரிடம், ராத்திரி அவர் எங்கே தூங்குகிறார்? தீயணைப்புக் கருவியில் ஒட்டியிருக்கும் தேதி கடந்துவிட்டதா? சமையலறையில் இன்றைய சாப்பாடு என்ன? அலுவலக மேசையில் பணிப் பதிவேடு இருக்கும். நேற்று ராத்திரிப் பக்கத்தில் யார் பணியில் இருந்தார் என்ற கையெழுத்து இருக்கிறதா? மேலே சொன்ன 5 பேர் கணக்கு தாளில் மட்டும் இருக்கிறதா, வீட்டிலும் இருக்கிறதா என்று இந்த ஒரு பக்கத்தில் தெரிந்துவிடும்.

பிள்ளைகளிடம் "ஏன் வந்தே, அப்பா அம்மா எங்கே" என்று கேட்க வேண்டாம். நன்கொடையாளர் முன் வரிசையாக நிறுத்திக் கதை சொல்ல வைக்கும் இல்லம் என்றால் அதையே ஒரு குறையாகக் குறித்துக்கொள்ளுங்கள். முகம் தெரியும் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டு நிதி கேட்பதும் அப்படித்தான். நாளைக்கு வேலை கேட்டுப் போகும் இடத்தில் அந்தப் படம் அவர்களுக்கு முன்னால் போய் நிற்கும்.

ஏதோ சரியில்லைன்னு தெரியுது. யார்கிட்ட சொல்றது?

கணக்கு விஷயம் என்றால் முதலில் நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் கேளுங்கள், 14 நாள் அவகாசம் கொடுங்கள். பதில் இல்லை என்றால் சங்கத்துக்குச் சங்கப் பதிவிலாகா, நிறுவனத்துக்கு எஸ்.எஸ்.எம்., 44(6) ரசீது மோசடிக்கு உள்நாட்டு வருவாய் வாரியம், பணத்தைக் கையாடியதாகத் தெரிந்தால் போலீஸ்.

பிள்ளைகளுக்கு அடி, பாலியல் தொல்லை, பூட்டி வைத்தல் என்று எதைக் கேள்விப்பட்டாலும் 14 நாள் காத்திருக்காதீர்கள், குழுவிடம் சொல்லி எச்சரிக்கவும் வேண்டாம். அன்றைக்கே 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி எண்ணுக்கோ போலீசுக்கோ அழையுங்கள். நீங்கள் பார்த்தது, கேட்டது, தேதி, நேரம் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். பிள்ளையிடம் திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள்; அந்த விசாரணையை அதற்குப் பயிற்சி பெற்ற அதிகாரிகள் செய்யட்டும்.